பாராததை விழுங்கும் சுருக்குப்பை

முன்னொரு காலத்தில், கடல் ஊருக்கு இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இருந்த காலத்தில், ஆழித்துறை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதை அவதானவர்மன் என்கிற ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். கொடுமைக்காரர் இல்லை, குடிகாரர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. ஒரே நேரத்தில் எட்டுக் காரியத்தில் கவனம் வைக்கிற அஷ்டாவதானி அவர். ஒரு கையால் சொக்கட்டான் ஆடுவார், மறு கையால் ஓலைக்கு முத்திரை குத்துவார். ஒரு காதால் வழக்குக் கேட்பார், மறு காதால் பாட்டுக் கேட்பார். முதுகில் விழுகிற பூக்களை எண்ணிக்கொண்டே மந்திரியிடம் மழையைப் பற்றிப் பேசுவார். சபை முழுக்க ஆகா ஆகா என்பார்கள். எட்டில் எது உருப்படியாக நடந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. ராஜாவிடம் யார் போய்க் கேட்பது?

ஒரு கோடையில் ஊர்க் கிணறெல்லாம் உப்புக் கரித்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜனங்கள் தவித்தபோது ஒரு மாயாவி வந்தான். வந்தவன் பார்க்கப் பயங்கரமாக இருந்தான் என்று நினைக்காதீர்கள். வெற்றிலை வாங்கக் கடைக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தான். முகத்தைப் பார்த்தால் பார்வை அதில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும், அப்படி ஒரு முகம். அவன் ஒவ்வொரு கிணற்றிலும் எதையோ முணுமுணுத்தான். தண்ணீர் இனித்தது. ராஜா அவனைச் சபைக்கு அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"பொன் வேண்டாம் மன்னா, பொருள் வேண்டாம். உங்கள் நாட்டில் எல்லாரும் விழித்திருக்கும்போது ஒருவர் கவனமும் படாமல் எது கிடக்கிறதோ, அது எனக்கு. பார்த்தது உங்களுக்கு, பாராதது எனக்கு."

அப்போது ராஜா காயை நகர்த்திக்கொண்டிருந்தார், பூவை எண்ணிக்கொண்டிருந்தார், பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். மாயாவி சொன்னதில் பாதி காதில் விழுந்தது. ஏதோ குப்பையைக் கேட்கிறான், எடுத்துக்கொண்டு போகட்டுமே என்று நினைத்தார்.

"ஆகட்டும்," என்றார்.

மாயாவி இடுப்பில் தொங்கிய சுருக்குப்பையைத் தட்டிக்கொடுத்தான். பாக்கு வெற்றிலை வைக்கிற அளவு பைதான். கறுப்புத் துணி, சிவப்புக் கயிறு. அந்தப் பைக்கு ஒரு வேளைக்கு ஒரு வாய் வேண்டும்.

முதலில் உடைந்த பானைகள் காணாமல் போயின. கிழிந்த வலைகள் காணாமல் போயின. சந்தைக் கோடியில் மக்கிய குப்பை காணாமல் போயிற்று. ஊர் பளிச்சென்று ஆகிவிட்டது என்று ஜனங்களுக்குச் சந்தோஷம். அப்புறம் பைக்குக் குப்பை அலுத்துப்போயிற்று.

ஒரு நாள் உச்சிப்பொழுதில் வானத்தில் பொன் தேர் ஒன்று குதிரை இல்லாமல் ஓடியது. ஊரே வாயைப் பிளந்துகொண்டு பராக்குப் பார்த்தது. தேர் மறைந்தது, ஜனங்கள் வேலைக்குத் திரும்பினார்கள். வடக்குத் தெருவில் ஒரு வீட்டில் தூளி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் கடலிலிருந்து மழை மேல்நோக்கிப் பெய்தது. ஊரே பராக்குப் பார்த்தது. அன்றைக்கு அரண்மனையில் ஒரு சின்ன மெத்தை காலியானது.

போனவர்களை ஊர் மறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மறப்பதற்கு, முதலில் ஒருவர் இல்லாமல் போனது தெரிய வேண்டும். இவர்களுக்கு அதுவே தெரியவில்லை. கிழிந்த துணியை இழுத்துத் தைத்ததுபோல ஊர் தானாகச் சேர்ந்துகொண்டது. உற்றுப் பார்த்தால் தையல் தெரியும். ஒரு பெண் காலித் தூளியை ஆட்டித் தாலாட்டுப் பாடுவாள். யாருக்கம்மா என்றால், "சும்மாதான், கை பழகிப்போச்சு," என்பாள். ஒரு ஆள் தெருவில் நடக்கும்போது பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டே நடப்பான். மூன்றாவதாக ஒரு வீட்டில் தினமும் சாயங்காலம் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எல்லாரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். யாரும் வரமாட்டார்கள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது.

இப்போது நம்முடைய பெண்ணிடம் வருவோம். அவள் பெயர் இசக்கி.

ஆழித்துறையின் பிழைப்பு முத்துக்குளிப்பு. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்குவார். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் மூச்சு முட்டிக் கயிற்றைச் சுண்டினால், அந்த நொடியே மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஆள் இல்லை. அதனால் அந்தக் கயிற்றை யாரிடமும் கொடுத்துவிட மாட்டார்கள். மனைவியோடு கூடப்பிறந்தவரிடம்தான் கொடுப்பார்கள். தங்கள் வீட்டுப் பெண் தாலியிழக்கக் கூடாது என்கிற பயம் அவருக்குத்தானே அதிகம் இருக்கும்?

கயிறு பிடிக்கிறவருக்கு மூன்று கட்டுப்பாடு. வேறு எதையும் பார்க்கக் கூடாது. யாரோடும் பேசக் கூடாது. மூன்றாவது, படகில் மற்ற யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. காது எதை வேண்டுமானாலும் தள்ளிவிடும். அலையைத் தள்ளும், இடியைத் தள்ளும். தன் பெயரை மட்டும் தள்ளாது. அதனால் கல் இறங்கிவிட்டால் கயிறு பிடிப்பவருக்குப் பெயர் கிடையாது.

இசக்கிக்கு ஒரு அக்காள், பெயர் வடிவு. அப்பா அம்மா போன பிறகு இசக்கியை வளர்த்தவள் அவள்தான். வடிவின் புருஷன் கடம்பன் நல்ல முத்துக்குளிகாரன். அண்ணன் தம்பி இல்லாத வீடு என்பதால் அத்தானுக்குக் கயிறு பிடிப்பவள் இசக்கியே. பொம்பளைப்பிள்ளை கையில் உயிரைக் கொடுக்கிறான் பார் என்று நாலு பேர் சிரித்தார்கள். கடம்பன் காதில் வாங்கவில்லை. மூவரும் ஒரே படகில் போவார்கள். அத்தான் இறங்குவார், இசக்கி கயிறு பிடிப்பாள், வடிவு பின்னால் உட்கார்ந்து சிப்பியைத் தரம் பிரிப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான் போனார்கள். கல் இறங்கியது. கயிறு இசக்கியின் உள்ளங்கையில் ஊர்ந்தது. அப்போது கடல்மேல் ஒரு வெள்ளை யானை நடந்து வந்தது. அலையெல்லாம் அதன் காலுக்கு அடியில் கண்ணாடியாக உறைந்தது. படகுக்குப் படகு எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். வடிவும் பார்த்தாள். கயிறு பிடித்த வேறு சிலரும் பார்த்தார்கள். இசக்கி பார்க்கவில்லை. அவளுக்கு உலகத்தில் இருந்தது ஒரு கயிறு மட்டும்தான்.

மாயாவிக்குக் கடம்பன்மேல்தான் கண். ஆனால் கடம்பனின் கயிற்றில் ஒரு பெண்ணின் முழுக் கவனமும் இருந்தது. அவனால் தொட முடியவில்லை. அதனால் அவளுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், அவள் பார்க்காத பக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டான்.

"பார்த்தது உங்களுக்கு, பாராதது எனக்கு."

கயிறு சுண்டியது. இசக்கி இழுத்தாள். கடம்பன் உயிரோடு மேலே வந்தான். இரண்டு பேரும் சிப்பி மூட்டையோடு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு பேர்தான் எப்போதும் போவது என்கிற மாதிரி, சாதாரணமாகப் போனார்கள்.

வீட்டில் இசக்கி சோறு வடித்து, தட்டை எடுத்து வைத்தாள். மூன்று தட்டு வந்தது. ஒன்று கூட வந்துவிட்டதே என்று திரும்ப உள்ளே வைத்தாள். கொடியில் ஒரு சேலை காய்ந்தது. யாருடையதோ காற்றில் வந்து விழுந்திருக்கும் என்று மடித்து வைத்தாள். பின்னலை அவிழ்க்கக் கை போனது. குஞ்சலத்தைக் கட்டியிருந்தது அவளுக்குப் போடத் தெரியாத முடிச்சு. எனக்குத் தெரியாத முடிச்சை நானே எப்படிப் போட்டேன் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய வேகத்தில் போய்விட்டது.

"சாப்பிட வாங்க அத்தான்," என்று கூப்பிட்டாள்.

கூப்பிட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னட்டி?" என்றான் கடம்பன்.

"உங்களை நான் ஏன் அத்தான்னு கூப்பிடுதேன்?"

"இதென்ன கேள்வி. நான் உனக்கு அத்தான்தானே."

"எப்படி அத்தான்?"

கடம்பன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. இசக்கி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கயிறு உரசிக் காய்த்துப்போன கை.

"நீங்க ஏன் உங்க கயிற்றை என்கிட்ட குடுத்தீங்க? பெண்டாட்டி கூடப்பிறந்தவகிட்டதானே குடுப்பாங்க?"

"ஆமா."

"அப்போ நான் யார்கூடப் பிறந்தேன் அத்தான்?"

இசக்கி உள்ளே போய் அந்த மூன்றாவது தட்டை எடுத்துவந்து நடுவில் வைத்தாள். இரண்டு பேரும் அதைப் பார்த்து அழுதார்கள். முகம் ஞாபகம் இல்லை, பெயர் ஞாபகம் இல்லை, குரல் ஞாபகம் இல்லை. ஆனாலும் அழுகை நிற்கவில்லை. இதைவிடக் கொடுமையான அழுகை எனக்குத் தெரிந்து கிடையாது.

மறுநாள் இசக்கி அரண்மனைக்குப் போனாள். அவதானவர்மன் வழக்கம்போல எட்டுக் காரியத்திலும் இருந்தார்.

"சொல் பெண்ணே, ஒரு காது உனக்கு," என்றார் ராஜா.

"ஒரு காது போதாது மன்னா."

சபை சலசலத்தது. ராஜா முத்திரை குத்திக்கொண்டே சொக்கட்டான் பகடையை உருட்டினார். எதிரே ஒரு சின்ன மெத்தை இருந்தது, அதில் யாரும் இல்லை. அந்தப் பக்கத்துக்கும் அவரே உருட்டினார். தன் காய் ஜெயிக்கப்போகிற நேரத்தில் வேண்டுமென்றே தப்பாக நகர்த்தித் தோற்றார். இசக்கி அதைப் பார்த்தாள்.

"மன்னா, மந்திரியோட ஆடும்போது இப்படித் தோற்பீங்களா?"

"மந்திரியிடமா? ஒருநாளும் இல்லை."

"தளபதியோட ஆடும்போது?"

"அவரிடமும் இல்லை."

"மகாராணிகிட்ட?"

"அவளிடம் தோற்றால் வருஷம் முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். என்ன கேள்வி இது?"

"பின்னே இந்த மெத்தைகிட்ட மட்டும் ஏன் தோற்கீங்க? வளர்ந்த ஆள் வேணும்னே தோற்கிறது பிள்ளைங்ககிட்டத்தான் மன்னா."

ராஜாவின் முதுகில் ஒரு பூ விழுந்தது. அவர் எண்ணவில்லை. பாட்டு நடந்தது, அவர் தலையாட்டவில்லை. மெத்தையை அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். அதன் ஓரத்தைச் சின்னப் பற்கள் கடித்து நூல் பிரிந்திருந்தது. முத்திரை கையிலிருந்து விழுந்தது.

"எனக்கு ஒரு குழந்தை இருந்திருக்கிறது," என்றார்.

அப்புறம்தான் அவருக்கு அந்த 'ஆகட்டும்' ஞாபகம் வந்தது. கிணற்றை இனிக்கவைத்த மாயாவியையும், பாராதது எனக்கு என்று அவன் கேட்டதையும், அவன் இடுப்புப் பையையும் இசக்கியிடம் சொன்னார். எட்டுக் காதுக்காரர், கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டிருந்தார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்றால்கூடப் பரவாயில்லை. எட்டு இடத்தில் கால் வைத்தவருக்கு நிற்க இடம் ஏது?

"நான் என்ன செய்ய வேண்டும், சொல்," என்றார் ராஜா.

"ஒண்ணே ஒண்ணு செய்யணும்."

"ஒன்றா? நான் எட்டு..."

"தெரியும் மன்னா. ஒண்ணு அதைவிடக் கஷ்டம். அந்தப் பையைத் திறக்க வச்சு, என் அத்தான் அதுக்குள்ள இறங்கும்போது நான் கயிறு பிடிப்பேன். அந்த ஆள் என்ன காட்டினாலும் பார்க்கமாட்டேன், என்ன சத்தம் போட்டாலும் கேட்கமாட்டேன். ஆனா கடைசியில என் பேரைச் சொல்லுவான். அதுக்கு நான் திரும்பிருவேன். நானும் மனுஷிதானே. நீங்க என் கையை மட்டும் பார்த்துக்கிட்டே இருங்க. கை தளர்ந்தா கயிற்றைப் பிடிச்சுக்கிடணும்."

சந்தை நாள் வந்தது. கடற்கரையில் ஜனங்கள் நெரிந்தார்கள். இசக்கியோடு கடம்பனும் ராஜாவும் வந்து நின்றார்கள். உச்சிப்பொழுதில் கடல் சுவராக எழுந்து நின்றது. அதற்குள் வண்ண வண்ண மீன்கள் ஊர்வலம் போயின. ஊரே தலையை உயர்த்தியது. இசக்கி மட்டும் தரையைப் பார்த்தாள்.

தரையில் அவன் நடந்து வந்துகொண்டிருந்தான். இத்தனை காலமும் எல்லார் நடுவிலும் இப்படித்தான் நடந்திருக்கிறான். ஒளியவில்லை, பதுங்கவில்லை. கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு ஆளாக நின்று பார்த்தான். ஒரு பெண்ணின் மோவாயைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தான். அவளுக்கு அதுகூடத் தெரியவில்லை. மீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இசக்கி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஈரமணல்போலக் குளிர்ந்திருந்தது.

"எங்க அக்காவைக் குடு."

மாயாவி அவளை வெகுநேரம் பார்த்தான். அவனிடம் யாரும் இதுவரை எதையும் திருப்பிக் கேட்டதில்லை.

"அக்காள் பெயர் என்ன?"

"தெரியாது."

"முகம்?"

"தெரியாது."

"பிறகு அக்காள் இருக்கிறாள் என்று எப்படித் தெரியும்?"

"எனக்கு அத்தான் இருக்காரு," என்றாள் இசக்கி.

மாயாவியின் முகம் சுருங்கியது. அந்தப் பைக்கு ஒரு விதி உண்டு. இல்லாமல் போனதைக் கண்டுபிடித்துக் கேட்பவருக்கு அது வாய் திறந்தே ஆக வேண்டும். அவன் பையை அவிழ்த்து மணலில் வைத்தான்.

"உன் அத்தான் இறங்கட்டும். ஒரு இமைப்பொழுது கயிற்றின்மேல் யார் கவனமும் இல்லை என்றால் அவனும் எனக்கு. உனக்கு ஒரு அத்தான் இருந்ததே நாளைக்குத் தெரியாது."

கடம்பன் கல்லைக் காலில் கட்டிக்கொண்டு, அந்தக் காலைப் பையின் வாயில் வைத்தான். உள்ளங்கை அளவு வாய் கிணறுபோல அகன்றது. பல வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை மேலே வந்தது. கடம்பன் இசக்கியைப் பார்த்து ஒருமுறை தலையசைத்துவிட்டு இறங்கினான். கயிறு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கடலுக்குக்கூட அவ்வளவு கயிறு போனதில்லை. ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இசக்கிக்குப் பின்னால் மண்டியிட்டு அவள் விரல்களைப் பார்த்தார்.

முதலில் மாயாவி கண்ணுக்கு விரித்தான். பகலிலேயே நிலா உதித்து, தாமரைபோல இதழ் இதழாகப் பிரிந்து, ஒவ்வொரு இதழிலும் ஒரு நகரம் தெரிந்தது. இசக்கி கண்ணை மூடிக்கொண்டாள். கயிறு கையில்தானே இருக்கிறது.

இரண்டாவது, காதுக்கு விரித்தான். பைக்குள் இருந்த அத்தனை குரலும் ஒரே நேரத்தில் மேலே வந்தது. அழுகிற குரல், அதட்டுகிற குரல், பாடுகிற குரல், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல். அவற்றில் எந்தக் குரல் அக்காளுடையது என்று தேடினால் கை தளரும். இசக்கி எதையும் தேடவில்லை. கடலும்தான் தினமும் இரைகிறது, யார் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்? அவள் விரல் நுனியில் காத்திருந்தாள்.

அவளுக்குப் பின்னால் ராஜா பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பழகிய காது அவரை எட்டுப் பக்கமும் இழுத்தது. பழகிய கண் நிலாவுக்கு ஏங்கியது. "ஒன்று, ஒன்றே ஒன்று," என்று பல்லைக் கடித்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது, எல்லாச் சத்தமும் அடங்கியது. ஒரே ஒரு குரல், காதுக்கு அருகில், மெல்லச் சொன்னது.

"ஏட்டி இசக்கி, பின்னல் எல்லாம் அவுந்து கிடக்கே. இங்க வா, பின்னி விடுதேன்."

அவளுக்கு அந்தக் குரலைத் தெரியாது. ஆனால் அவள் உச்சந்தலைக்குத் தெரிந்தது. இசக்கி திரும்பினாள். விரல்கள் தாமாகவே விரிந்தன.

கயிறு நழுவியது. பையின் வாய் சுருங்கத் தொடங்கியது. மாயாவி, "பார்த்தது..." என்று ஆரம்பித்தான்.

ராஜா பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். பட்டுக்கும் பூவுக்கும் பழகிய கைகள் அவை. தோல் உரிந்து கயிறு சிவந்தது. அவர் விடவில்லை. அந்த நேரத்தில் ஆழித்துறை ராஜாவுக்கு நாடு இல்லை, சபை இல்லை, வலிகூட இல்லை. ஒரு கயிறு இருந்தது.

கயிறு சுண்டியது.

"இழுங்க," என்று இசக்கியும் வந்து பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தார்கள். கடம்பன் தலை தெரிந்தது. அவன் கையை ஒரு கை பிடித்திருந்தது. அது வடிவின் கை. அவள் மறு கையில் ஒரு சிறுமி தொங்கினாள், சிறுமியின் கையில் ஒரு கைக்குழந்தை, அதன் காலைப் பிடித்து ஒரு முதியவர். இப்படி ஒருவர் பின் ஒருவராக, கோத்த சரம்போல, போனவர்கள் எல்லாரும் மணலில் ஏறினார்கள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க அத்தான்?" என்று இசக்கி கேட்டாள்.

"நான் எங்க கண்டுபிடிச்சேன். ஒரே இருட்டு, ஊர்ப்பட்ட சத்தம், ஒண்ணும் விளங்கல. அதுக்குள்ள ஒரு குரல் மட்டும் கடம்பா, கடம்பான்னு கூப்பிட்டது. அந்தப் பக்கம் போனேன். பார்த்தா, ஒருநாளும் என் பேரைச் சொல்லாத இவதான்."

பார்த்தீர்களா, தன் பெயரைத் தள்ளாத காது இசக்கியைக் கவிழ்த்தது, அதே காது கடம்பனுக்குக் கரை காட்டியது.

முகத்தைக் கண்டதும் ஊருக்கு எல்லாம் திரும்ப ஞாபகம் வந்தது. தூளி ஆட்டியவள் குழந்தையை வாரி எடுத்தாள். இடம் விட்டு நடந்தவன் தன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டான். ராஜா மகளைத் தூக்கி அவள் பற்களைப் பார்த்தார், மெத்தையைக் கடித்த பற்கள். ஒருவர் கண்ணும் மற்றொருவரைவிட்டு நகரவில்லை.

ஆனால் கதை முடியவில்லை. மணலில் கிடந்த பை காலியாகிவிட்டது, அதற்குப் பசி. தரையில் போட்ட மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒரு வாய் கிடைக்காமல் அது அடங்காது. மாயாவி நிதானமாகச் சிரித்தான். ஏன் சிரித்தான்? சரத்தின் கடைசியில் ஏறி வந்த ஒரு ஆள் தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் காலித் தூக்குச்சட்டி. யாரும் அவரைத் தேடி வரவில்லை. எப்போது போனாரோ, அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. தன் பெயரே அவருக்கு ஞாபகம் இல்லை. பையின் வாய் அவர் பக்கம் ஊர்ந்தது.

இசக்கி அக்காளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடியும் போய்விடுவாளோ என்று பயம். வடிவுதான் அவளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஏட்டி, என்னை உங்க அத்தான் பார்த்துக்கிட்டுதான் இருக்காக. நீ அந்த மனுஷனைப் பாரு."

இசக்கி திரும்புவதற்கு எவ்வளவு மனசு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். ஒருமுறை திரும்பாமல் இருந்து அக்காளை இழந்தவள். அவள் திரும்பினாள். பெயர் தெரியாத ஆளை என்னவென்று கூப்பிடுவது?

"மாமா," என்றாள்.

அந்த ஆள் தன் சொந்தப் பெயரைக் கேட்டதுபோல விருட்டென்று திரும்பினார்.

பை நின்றுவிட்டது. இப்போது அங்கே எல்லாரையும் யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரே ஒருவனைத் தவிர. பை மெல்ல அவன் பக்கம் வாயைத் திருப்பியது.

மாயாவி நிலாவை விரித்தான், ஒருவரும் பார்க்கவில்லை. யானையை நடத்தினான், ஒருவரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காததாலேயே பிழைத்தவன், வாழ்நாளில் முதல்தடவையாக, "என்னைப் பாருங்கள்," என்று அலறினான். அலறல் எல்லார் காதிலும் பட்டு வழுக்கிக்கொண்டு போனது, அவன் முகத்தைப்போலவே.

"பார்த்தது உங்களுக்கு," என்றது பை, அவன் குரலிலேயே. "பாராதது எனக்கு."

ஒரு வாய்தான். அதற்குப் பிறகு மணலில் பை மட்டும் கிடந்தது. அதையும் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காததை விடுகிற வழக்கம் அதற்குக் கிடையாதே. அது தன் விளிம்பையே கவ்வி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே விழுங்கியது. கடைசியில் சிவப்புக் கயிறும் போனது. யாரும் பார்க்கவில்லை என்றால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அதைக் கேட்காதீர்கள். கேட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அதற்கப்புறம் அவதானவர்மன் ஒரு நேரத்தில் ஒரு வழக்குத்தான் கேட்டார். இரண்டு காதாலும் கேட்டார். மகளோடு சொக்கட்டான் ஆடித் தோற்றார். இவள் அழுகுணி ஆட்டம் ஆடுகிறாள் என்று அரண்மனையே கேட்கும்படி முறையிட்டார். அஷ்டாவதானி என்று புகழ வந்த புலவர்களுக்குச் சோறு போட்டு, பேசாமல் அனுப்பிவைத்தார்.

இசக்கி வீட்டில் அன்றைக்கு வடிவு அவள் பின்னலை அவிழ்த்தாள்.

"உனக்குப் பின்னாடியேதானே இருந்தேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்லட்டி," என்றாள்.

"கயிறு கையில இருந்துச்சு அக்கா." இசக்கி காய்த்த உள்ளங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ரெண்டையும் பார்க்க முடியல."

"தெரியும். நீ திரும்பியிருந்தா இந்த மனுஷன் இல்லை. இவர் இல்லைன்னா என்னை எடுக்க யாரு வருவா?" என்று சொல்லி வடிவு அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். "அழாத. அடுத்த தடவை நான் உன் முதுகுப் பக்கம் பார்த்துக்கிடுதேன்."

கடம்பன் தட்டை எடுத்து வைத்தான். வாசலில் தூக்குச்சட்டியோடு தயங்கி நின்றவரைப் பார்த்து இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, உள்ள வாங்க, சோறு ஆறுது," என்றாள். அவர் வந்தார். நாலு தட்டு, நாலு பேர்.

அவர்கள் பசியாறினார்கள், நாமும் கதையாறுவோம். நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்து வைக்கும்போது ஒன்று கூட வந்துவிட்டால், அதைத் திரும்ப உள்ளே வைத்துவிடாதீர்கள்.